கணினிக்குள் பிரித்த கல்யாணப் பத்திரிகை

"இது தொறக்க மாட்டேங்குதுடி. அனுமதி இல்லன்னு சொல்லுது. நீ கொஞ்சம் அனுமதி குடு."

அம்மா போனை நீட்டிக்கொண்டே மாடியேறி வந்தபோது நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் எந்தத் திரையையும் பார்க்காமல் இருப்பது என்று வைத்திருக்கிறேன். வைத்திருப்பது நான் மட்டும்தான், வீட்டில் வேறு யாருக்கும் அது கணக்கில் கிடையாது.

பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து வேலை செய்கிறேன். ஊரைக் கெடுக்கவென்றே எவனோ எழுதிவிடும் மால்வேர்களை வாங்கி, பத்திரமான இடத்தில் ஓடவிட்டு, அவை என்ன செய்கின்றன என்று பார்த்து எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பா, இதைத் தன் வாடிக்கைக்காரர்களுக்கு "எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குது" என்று மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிரிண்டர் ஓடாதவர்கள், டிவியில் சேனல் வராதவர்கள், ரேஷன் கார்டில் பிறந்த தேதி தப்பாக இருப்பவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில். ஒருத்தர் மிக்ஸியைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்திருந்தது. சின்னதாக ஒரு பிள்ளையார் படம், கீழே ஆங்கிலத்தில் கல்யாணப் பத்திரிகை என்று பெயர், தவறாமல் வரவும் என்று ஒரு வரி. கோப்பின் பெயருக்குக் கடைசியில் ஒட்டியிருந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. படமாக இருந்தால் அந்த எழுத்து வராது. அது ஒரு ஆப். தொட்டு உள்ளே விட்டால் போனுக்குள் குடியேறிவிடும். வருகிற மெசேஜையெல்லாம் படிக்கும், பேங்கிலிருந்து வரும் ரகசிய எண்ணை எவனுக்கோ அனுப்பும், தன்னையே பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கும். நல்ல வேளை, அம்மாவின் போன் வழியிலேயே மறித்துவிட்டது.

"யாரு அனுப்புனது?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"ஒங்க மாமாதான்."

மறுபடி திரையைப் பார்த்தேன். மேலே 'தம்பி' என்று இருந்தது.

மாமா என்றால் அம்மாவுக்கு ஒரே தம்பி. மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிறவர். அவர் எங்கள் வீட்டோடு பேசிப் பல வருஷம் ஆகிறது. காரணமும் ஒரு பத்திரிகைதான். என் அண்ணன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனவர் அப்பா. பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள், அவர்கள் வீட்டு மருமகன்கள் என்று தன் பக்கத்து ஆட்களை வரிசையாக நிறுத்திவிட்டு, தாய்மாமன் பேரைக் கடைசி வரியில், மூலையில், பொடி எழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். மாமா அதைப் பிரித்துப் படித்தார், மடித்தார், தட்டிலேயே திரும்ப வைத்தார். கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணம் எங்கள் வீட்டில் நடந்தது. மேடையில் நின்ற அம்மா அன்றைக்கு முழுக்க மண்டப வாசலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் வரட்டும் என்று இவள், அவள் வரட்டும் என்று அவர்.

"அவன் பொண்ணுக்குக் கல்யாணம்டி. எனக்குப் பத்திரிகை அனுப்பிருக்கான்" என்றாள் அம்மா. அவள் முகத்தை அப்படி நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏது பக்குவம்?

"ம்மா, இது பத்திரிகையே இல்ல. வைரஸு. மாமா போன்ல பூந்துட்டு, அதுவா எல்லாருக்கும் அனுப்புது. டெலீட் பண்ணு."

"பிள்ளையாரப் போயி அழிக்கச் சொல்றியா? வாயக் கழுவு மொதல்ல."

"பிள்ளையார் படம் எவன் வேணா போடலாம்மா!"

"நல்ல காரியத்துக்குப் பிள்ளையார் போடாம வேற யாரப் போடுவாங்க? இன்னாடி பேசுற நீ?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இத பாரு, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். பொண்ணுக்கு அத்தைன்னு இருக்கறவ நான் ஒருத்திதான். அதுல என் பேரு போட்டிருக்கானா இல்லியா, அத மட்டும் பாத்துச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

இதற்குள் கீழேயிருந்து அப்பா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மூக்கின் மேல் கோபம். "வாட்ஸ்அப்புல அனுப்பிட்டா ஆச்சா? வெத்தல பாக்கு பழம் தட்டுல வெச்சி, பொண்டாட்டியோட வாசல்ல வந்து நின்னு கூப்புடணும். செய்மொற தெரியாதவன்."

"ஆமா, நீங்க செய்மொற தெரிஞ்சிதான் அவன் பேர மூலையில போட்டீங்க."

"அங்க எடம் இல்ல, போட்டேன்."

"ஒங்க அண்ணன் மருமவனுக்கு எடம் இருந்துச்சு, எந்தம்பிக்கு எடம் இல்ல."

ஆரம்பித்துவிட்டது. போனில் வந்த அழைப்பு மரியாதையா, அவமரியாதையா? போகலாமா, போனால் யார் யார் போவது? போகாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? வைரஸை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முறை பேசுகிறார்கள். உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது இந்தக் கூத்து நடக்குமா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, எண்ணெய் வழியும் என்றுதான் சும்மா இருந்தேன்.

"அய்யோ, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? இது அழைப்பே இல்ல!" என்று கத்தினேன்.

"அதத்தான நானும் சொல்றேன், இது அழைப்பே இல்ல" என்று அப்பா வெற்றியோடு கீழே இறங்கிப் போனார்.

அம்மா நகரவில்லை. "நீ தொறந்து காட்டு, நம்பறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சரி, திறந்தே காட்டிவிடுவோம் என்று பழைய லேப்டாப்பை எடுத்தேன். இந்த மாதிரி வேலைக்கென்றே ஒதுக்கி வைத்தது அது. அதற்குள் விர்ச்சுவல் மெஷின் ஒன்று இருக்கிறது. கணினிக்குள் மென்பொருளாலேயே கட்டிய இன்னொரு கணினி. அதில் ஒரு பொய்ப் போனையும் அமைத்திருந்தேன். அம்மாவுக்கு விளக்கினேன்.

"அப்ப கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரு, அதுக்குள்ள ஒரு போனு."

"ஆமா."

"அங்க தொறந்தா நமக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆவாது. அது செத்தே போனாலும் ஒரு பட்டன அமுக்குனா பழையபடி எழுந்து உக்காந்துக்கும்."

"அப்பத் தொற. எதுக்கு இவ்ளோ பேச்சு?"

இந்த வேலையில் திறப்பது கடைசி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏகப்பட்டது, அதில் ஒன்றை விட்டாலும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். லேப்டாப்புக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கும் பொதுவான போல்டர் இருக்கக் கூடாது. இங்கே நகலெடுத்தது அங்கே ஒட்டக் கூடாது. உள்ளிருந்து வெளியுலகத்துக்கு ஒரு வழியும் இருக்கக் கூடாது. அது இன்டர்நெட்டைத் தேடினால், இன்டர்நெட் மாதிரியே நடித்துப் பதில் சொல்ல உள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். இத்தனையும் சரிபார்த்து, இப்போதைய நிலையை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால்தான் பிறகு பழையபடி திரும்ப முடியும். "ஒரு பத்திரிகை பிரிக்க இவ்ளோ நேரமா?" என்று அம்மா கொட்டாவி விட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று மாடிப்படியில் இருந்த வைஃபை பெட்டியையும் அணைத்துவிட்டு வந்தேன். கீழே அப்பா அதே வைஃபையில் ஓடும் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து உட்காருவதற்குள் பெட்டியின் பச்சை விளக்கு மறுபடி எரிகிறது.

"யாரு அத போட்டது?"

"நான்தான். கடைசி ஓவர்" என்றார் கீழேயிருந்து, கூசாமல்.

ஓடிப்போய் அணைத்து, ஒயரைப் பிடுங்கி, அதைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். கீழே அவர் என்னைத் திட்டியது நன்றாகவே கேட்டது.

கோப்பை உள்ளே விட்டுத் திறந்தேன். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள். பிள்ளையார் ஒரு நொடி வந்தார். அப்புறம் வெறும் வெள்ளை. ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னா, ஒண்ணும் காணோம்?"

இந்த ஜாதி மால்வேர்களில் சிலதுக்கு மோப்பம் அதிகம். தான் ஓடுவது நிஜப் போனிலா, பொய்ப் போனிலா என்று பார்க்கும். பொய் என்று தெரிந்தால், அதிகாரி வந்த நாளில் பள்ளிக்கூடம் இருப்பது போல அப்படி ஒரு ஒழுக்கமாக உட்கார்ந்திருக்கும். என் பொய்ப் போனில் ஒரு போட்டோ இல்லை, ஒரு நம்பர் இல்லை. புழங்காத போன் என்று கண்டுபிடித்துவிட்டது. பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, அந்தப் போனில் யாரோ குடித்தனம் நடத்துகிற மாதிரி ஜோடிக்க ஆரம்பித்தேன். நம்பர்களைச் சேர்க்க அம்மாவே பேர் சொன்னாள். பால்காரர், கேஸ், டெய்லர், கரண்ட் ஆபீஸ், பூக்காரம்மா. ஒவ்வொன்றுக்கும் நான் வாய்க்கு வந்த எண்ணை அடித்தேன்.

"பால்காரர் நம்பரு அது இல்லடி."

"தெரியும்மா. சும்மா போடறேன்."

"தப்பா போட்டா அவருக்கு எப்டிப் போய்ச் சேரும்?"

"சேரக் கூடாதும்மா! சேரக் கூடாதுன்னுதான் இவ்ளோ பாடு!"

"அதுக்கு எதுக்குக் கத்தற?"

மறுபடி திறந்தேன். இந்த முறை பிள்ளையார் மறையவில்லை. மெசேஜ் படிக்க அனுமதி கேட்டார். கொடுத்தேன். சேமித்த நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்டார். கொடுத்தேன். போன் பேச அனுமதி கேட்டார்.

"பத்திரிகைக்கு எதுக்குடி எம் மெசேஜெல்லாம்?" என்றாள் அம்மா. அப்போதுதான் அவள் குரலில் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை.

கடைசி அனுமதியும் கிடைத்ததும் பிள்ளையார் காணாமல் போனார். ஆப் இருந்த இடமே துடைத்துவிட்டது போல இருந்தது. பக்கத்துத் திரையில் அது உள்ளுக்குள் செய்வது வரிவரியாக ஓடியது. நான் போட்டு வைத்திருந்த பொய்யான பேங்க் மெசேஜை எடுத்து வெளியே அனுப்பப் பார்த்தது. பிறகு நம்பர்களை வரிசையாக எடுத்து, அதே பிள்ளையார், அதே தவறாமல் வரவும். பால்காரருக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, டெய்லருக்கு ஒன்று. விரலால் தொட்டுத் தொட்டு அம்மாவுக்குக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. பிள்ளையார் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வருமா?"

"இன்னாது?"

"பத்திரிகை."

"வராதும்மா."

"நல்லாத் தேடிப் பாரு. உள்ள எங்கனா இருக்கும்."

தேடினேன். தேவையே இல்லாத வேலை. ஆனாலும் அந்தக் கோப்பைப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் அவள் கண்ணெதிரே எடுத்து வைத்தேன். பொண்ணு பேர் இல்லை, மாப்பிள்ளை பேர் இல்லை, முகூர்த்தம் இல்லை, மண்டபம் இல்லை. இருந்ததெல்லாம் அந்த ஒரு பிள்ளையார் படம்.

"உள்ள பத்திரிகையே இல்லம்மா. யார் பேரும் இல்ல."

"அப்ப அவன் அனுப்பல."

"அனுப்பல. மாமாவுக்கு இது தெரியவே தெரியாது."

"சரி" என்றாள். கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால், என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இதை எழுதியவன் எங்கேயோ உட்கார்ந்து பேங்க் எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். அவன் கட்டையில் போக. வேறு பேர் வைக்கக் கூடாதா அந்தப் பாவி? கரண்ட் பில் என்று வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அப்புறம்தான் எனக்கு மாமா நினைவு வந்தது. அவர் போனில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே சொல்லியாக வேண்டும். என் நம்பரிலிருந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், கட் பண்ணிவிட்டார். காலையிலிருந்து ஊரே கூப்பிட்டுக் கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கும், மனுஷன் வெறுத்துப் போயிருப்பார்.

"ம்மா, எடுக்க மாட்டேங்கறாரு. நீ கூப்புடு."

"நான் எதுக்குக் கூப்புடணும்? அவன்தான் அனுப்பவே இல்லியே."

"பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிடும்மா அவருக்கு!"

"ஒங்கப்பாவ வுட்டுச் சொல்லச் சொல்லு."

அப்பா சொல்லுவாராம், மாமா கேட்டுக்கொள்வாராம். இந்த வீட்டில் ஒருத்தரை வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்ய முடியாது. அம்மா எழுந்து வாசற்படி வரை போனாள். அங்கே நின்றாள்.

"அது யார் யாருக்கு அனுப்பும்னு சொன்ன?"

"போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கற எல்லாருக்கும்."

"சேவ் பண்ணாத நம்பருக்கு?"

"அது எப்டி அனுப்பும்? அதுக்கு நம்பரே தெரியாதே. இப்பப் பாத்த இல்ல? நாம இன்னா போட்டமோ அதுக்குத்தான் அனுப்புச்சு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இந்த நம்பரு ஒங்கண்ணன் கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கனதுடி. பழைய சிம்மு போயே போச்சு. நான் அவனுக்குச் சொல்லவே இல்ல."

நான் லேப்டாப்பை மூடி வைத்தேன்.

"யாரப் போயிக் கேட்டானோ" என்றாள் அம்மா. "கேட்டு வாங்கி வெச்சிருக்கான் பாரு."

வந்து கட்டிலில் உட்கார்ந்து, 'தம்பி'யை அவளே தொட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணி அடித்து முடியவில்லை.

"சொல்லு க்கா" என்றார் மாமா.

நான் சைகை காட்டினேன், போனை ஆஃப் பண்ணச் சொல்லு, ஆஃப், ஆஃப்.

"இன்னாடா சொல்லு? போன ஆஃப் பண்ணுடா மொதல்ல! வைரஸு வந்திருக்குதாம் ஒனக்கு. மெசேஜெல்லாம் எவனோ படிக்கறானாம். எம் பொண்ணு சொல்றா."

"க்கா, நீ நல்லா இருக்..."

"பேசாத! ஆஃப் பண்ணுன்றேன் இல்ல!"

போன் கட் ஆகிவிட்டது.

"ம்மா!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன், எண்ணெய் வழிந்தால் வழியட்டும். "இத்தினி வருஷம் கழிச்சிப் பேசற. ரெண்டு வார்த்த பேசிட்டு அப்புறம் ஆஃப் பண்ணச் சொல்லக் கூடாதா? பொண்ணுக்கு நெஜமாவே கல்யாணமா, இல்லியா, அதையாவது கேட்டியா?"

"நீதான கைய கைய ஆட்டுன?"

மறுபடி போட்டுப் பார்த்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. இன்னொரு முறை போட்டாள். அதே. வாழ்க்கையில் ஒருமுறையாவது அக்கா சொன்னதை உடனே கேட்டிருக்கிறார் மாமா.

அம்மா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். "இப்ப எப்டி அவங்கிட்ட பேசறது? நேர்லதான் போவணும். நீ தலைக்குத் தண்ணி ஊத்திகினு வா. அந்த வைரஸ எடுக்கத் தெரியும் இல்ல ஒனக்கு?"

"இப்பவா?"

"பின்ன? அவன் போன் இல்லாம உக்காந்திருப்பான்."

மாடிப்படியிலிருந்தே அப்பாவிடம் சொன்னாள், தம்பி வீட்டுக்குப் போகிறேன், சோறு வடித்து வைத்திருக்கிறது, போட்டுச் சாப்பிடுங்கள் என்று. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார், வைஃபை ஒயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஈரத்தலையோடு, முதுகில் லேப்டாப் பையோடு, பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் வண்டி ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இப்படித்தான் விடிய வேண்டுமென்று எழுதியிருக்கிறது. அரியூர் தாண்டியதும் அவள் என் தோளைத் தட்டினாள்.

"அவன் 'சொல்லு க்கா'ன்னு தான சொன்னான்? 'யாரு'ன்னு கேக்கல இல்ல?"

"கேக்கலம்மா."

திருபுவனையில் ஒரு லாரி எங்களை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் மறுபடி தோளைத் தட்டினாள்.

"நல்லாக் கேட்டியா? 'யாரு'ன்னு கேக்கலியே?"

"கேக்கலம்மா!" என்று ரோட்டுக்கே கேட்கும்படி கத்தினேன்.